கேட்பதில் வெட்கம் எதற்கு?

 

உலகம் சுற்றிய இப்னு பதூதா 14-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கிப் பகுதியில் பயணம் செய்தபோது நேர்ந்ததொரு நிகழ்ச்சியைத் தம் பயண நூலில் கூறுகிறார். நெய் வாங்கி வரப் பணம் கொடுத்தனுப்ப, வந்து சேர்ந்ததோ வைக்கோல்! அரபு மொழியில் ‘ஸம்ன்’ என்றால் நெய். துருக்கி மொழியில் ‘ஸமன்’ என்றால் வைக்கோல். மார்க்கம் கற்றவர், பல அரசவைகளைக் கண்டவர். அவரையே அந்நிய மொழி இப்படித் திகைக்க வைத்தது.

அவ்வாறிருக்க, மகளின் பேறுகாலத்திற்காகவோ பேரப்பிள்ளைகளைக் காணவோ முதன்முறையாக லண்டனுக்கு விமானம் ஏறும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஆங்கிலத்திற்கு அஞ்சுவதில் வியப்பென்ன? ஆயினும் மொழி தெரியாமையால் விளையும் கேட்டைவிட, தெரியாததை மறைப்பதால் விளையும் கேடே பெரிது. புரியாத கேள்விக்கும் ‘யெஸ், யெஸ்’ என்று தலையசைக்கும் பழக்கத்தையே நான் சொல்கிறேன்.

விமானத்தில் கொடுக்கும் உணவு ஹலாலா என்று கேட்க நாணி, பட்டினியாகவே பயணம் செய்வோர் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு அது எத்துணை ஆபத்து! பயணச்சீட்டு வாங்கும்போதே ‘முஸ்லிம் மீல்’ வேண்டும் எனப் பதிந்து கொள்ளுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 24 மணி நேரத்திற்கு முன்பாவது இதனைத் தெரிவிக்கச் சொல்கின்றன.

இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி கேட்பவை பெரும்பாலும் சில கேள்விகளே: எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், செலவு யாருடையது? உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் கைப்பையிலேயே இருக்கட்டும். கேள்வி விளங்காவிடில் ‘தமிழ், ப்ளீஸ்’ என்று சொல்வதில் இழுக்கொன்றுமில்லை. பேரனுக்கென ஆசையாய்ச் செய்த உப்புக்கண்டத்தையும் பால்கோவாவையும் மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டு வருவதைப் பிரிட்டன் அனுமதிப்பதில்லை.

இனி, பேச்சு முறை. நாம் ‘தண்ணீர் கொடுங்கள்’ என்னும்போது மரியாதை அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதையே ‘கிவ் மீ வாட்டர்’ என்று மொழிபெயர்த்தால் வெறும் அதட்டலாகி விடும். ஆங்கிலேயர் அம்மரியாதையை ‘ப்ளீஸ்’ என்னும் தனிச் சொல்லில் வைத்திருக்கின்றனர். ‘வாட்டர், ப்ளீஸ்’ என்ற இரண்டு சொற்களே போதும், இலக்கணம் தேவையில்லை. கதவைப் பிடித்துக் கொண்டவருக்கும் ‘தேங்க் யூ’ சொல்லுங்கள். தோள் உரசினால் ‘சாரி’ சொல்லுங்கள். வரிசையை முந்தாதீர்கள். அண்டை வீட்டார் ‘ஆர் யூ ஆல்ரைட்?’ என்றால் அது நலம் விசாரிக்கும் முகமன் மட்டுமே. முழங்கால் வலியின் வரலாற்றை அவரிடம் தொடங்கிவிட வேண்டாம்! நாம் ஆமோதித்துப் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு ‘இல்லை’ எனத் தோன்றக்கூடும். ஆகவே வாயால் சொல்லிவிடுங்கள்.

அந்நிய ஆடவரோ பெண்டிரோ கைகுலுக்க வந்தால், வலக்கையை நெஞ்சில் வைத்துப் புன்னகையுடன் தலை தாழ்த்துங்கள். முகத்தைத் திருப்பிக் கொள்வதுதான் புண்படுத்தும். பணிவோடு விலகுவது புண்படுத்தாது. அங்குள்ள பல கழிப்பறைகளில் காகிதமே இருக்கும், தண்ணீர் இராது. சிறு பாட்டில் ஒன்று பையில் இருப்பது நலம். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனிலோ இரவு 9 மணிக்கு மேலாகும். ஊர்ப் பழக்கத்தில் அஸரைப் பிந்தவிட்டால் தொழுகை தவறிவிடும். அருகிலுள்ள பள்ளிவாசலின் நேர அட்டவணையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மருத்துவமனை. எந்த மருந்து ஒவ்வாது, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள் என்று வினவும் இடத்தில், புரியாமல் சொல்லும் ஒரு ‘நோ’ உயிருக்கே உலை வைக்கும். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்கிறார்கள். ‘தமிழ் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்’ என்று கேளுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பு கடைத்தெருவுக்கு உதவும். மருந்து விஷயத்தில் அதனை நம்பாதீர்கள். மாத்திரைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருங்கள். அவசர உதவிக்கு எண் 999. விருந்தினராய்ச் சென்றவர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் பெருந்தொகை கட்ட வேண்டிவரும் என்பதால், பயணக் காப்பீடு இன்றிப் புறப்படாதீர்கள்.

மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் உரைக்கிறது. இறைவனின் அத்தாட்சியின் முன் நிற்கையில் வெட்கத்திற்கு ஏது இடம்? ‘எனக்குப் புரியவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள்: ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்.’ பயணம் புறப்படும் உங்கள் தாய்க்கும் தந்தைக்கும் வேறெதைக் கற்றுக் கொடுக்காவிடினும் இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக் கொடுங்கள். பெட்டி கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுவே.

வல்ல நாயன் நம் பயணங்களை எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.