பிசிக்ஸ் படித்தால் வாத்தியார் வேலைதானா?

"பிசிக்ஸ் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே? கடைசியில வாத்தியார் வேலைதானே!"

பி.எஸ்.சி. இயற்பியல் சேரும் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் ஆசீர்வாதம் இதுதான். வாத்தியார் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது தப்பு.

சர் சி.வி.ராமன் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் எம்.ஏ. படித்தவர். 1907-ல் அவருக்குக் கிடைத்தது கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி வேலை! ஆபீஸ் விட்ட பிறகுதான் ஆராய்ச்சி. பேராசிரியர் நாற்காலி கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. அன்றைக்கு வழி இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

வானிலை ஆய்வுத் துறைக்கு 2022-ல் ஒரே அறிவிப்பில் 990 அறிவியல் உதவியாளர் இடங்கள்! இயற்பியலை ஒரு பாடமாகப் படித்து முதல் வகுப்பு வாங்கிய பட்டதாரிகளும் மனுப் போட்டார்கள்.

புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். கதிர்வீச்சு சிகிச்சை வேண்டும் என்று சொல்பவர் டாக்டர். கதிர் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு பாய வேண்டும் என்று கணக்குப் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அந்தப் படிப்பு நம்ம அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

எம்.எஸ்.சி.யில் 60 சதவீதம் வாங்கினால் அணுசக்தித் துறைப் பயிற்சிப் பள்ளிக்கு முயற்சி செய்யலாம். தேறினால் உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி, அப்புறம் விஞ்ஞானி வேலை. கல்பாக்கம் என்ன, சந்திர மண்டலத்திலா இருக்கிறது?

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்.சி. சேர 'ஜாம்' என்று ஒரு தேர்வு. மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே மனுப் போட வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறோம்!

எனக்குத் தெரிந்த ஆட்டோ டிரைவர் மகள், வகுப்பிலேயே முதல் மார்க். "அப்படி ஒரு பரீட்சை இருக்குன்னே தெரியாது சார்" என்றாள். தெரிந்தபோது கடைசித் தேதி போய்விட்டது. ஒரு வருடம் பாழ்!

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா சொல்வார், சித்தப்பா சொல்வார். இவளுக்கு யார் சொல்வது?

கல்லூரிதான் சொல்ல வேண்டும். பீஸ் கட்டாதவர் பட்டியலை மறக்காமல் ஒட்டுகிறீர்களே, அதே போர்டில் இதையும் ஒட்டுங்கள். என்னென்ன தேர்வு, எத்தனை மார்க் வேண்டும், எந்த மாதம் மனு? மூன்றாம் ஆண்டில் அல்ல, முதலாண்டிலேயே.

செலவு ஒரு தாள், நாலு குண்டூசி. அதற்குமா பட்ஜெட் இல்லை?