பசிக்குக் கோடு கிழித்தோர்

1997ஆம் ஆண்டு சூன் திங்களில் நடுவணரசு, பங்கீட்டுக் கடைக்கு வரும் மக்களை இரண்டாகப் பிளந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் ஒரு கூறு. மேலுள்ளோர் மறு கூறு. இதற்கு இட்ட பெயர் ‘இலக்கு’சார் பங்கீட்டு முறை. இலக்கு வேட்டுவனின் சொல்; அதனைச் சோற்றுக்குச் சூட்டியோர் யாரைக் குறிவைத்தனர் என்பது விரைவில் விளங்கிற்று.

1991 முதல் தில்லி தழுவிக்கொண்ட சந்தைப் பொருளியல், அரசின் செலவைக் குறை, வறியவர்க்கு மட்டும் கொடு என்றது. கேட்பதற்கு நயன்மை போலவே தோன்றும். ஆயின், வறியவர் யார் என்று முடிவுகட்டுவோர் யார்? இன்று கூலி பெற்றவன் நாளை பட்டினி கிடப்பான்; கணக்கெடுக்கும் அலுவலர் கண்டது அவன் உண்ட நாளாயின், அவன் கோட்டுக்கு மேலே! 2011இல் திட்டக் குழு உச்ச நயன்மன்றத்தில் காட்டிய கோடு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நகரில் 32 உருபா, சிற்றூரில் 26 உருபா. அத்தொகையில் ஒருநாள் வாழ்ந்து காட்டியபின் அக்குழுவினர் அதனை எழுதியிருக்கலாம்.

2000ஆம் ஆண்டு மேலுள்ளோர்க்கான விலையை முழு அடக்கவிலைக்கே உயர்த்தினர். கடைத்தெரு விலைக்கும் பங்கீட்டு விலைக்கும் வேறுபாடு தேய்ந்தது, மக்கள் விலகினர், கிடங்குகள் நிரம்பின. 2001ஆம் ஆண்டின் நடுவில் கையிருப்பு ஏறத்தாழ 6 கோடி டன். அவ்வாண்டிலேயே ஒடிசாவின் காசிப்பூர்ப் பகுதியில் பழங்குடியினர் மாங்கொட்டைப் பருப்புக் கூழ் உண்டு மாண்டனர். கிடங்கைக் குறைக்கத் தில்லி கண்ட வழியோ, வறியவர்க்கு விற்ற விலையை ஒட்டிய விலையில் ஏற்றுமதி! உள்நாட்டுப் பசிக்கு வாங்கும் ஆற்றல் இல்லை. ஆகவே அது சந்தையின் கண்ணுக்குப் பசியே அன்று.

தமிழ்நாடு இப்பிளவை ஏற்கவில்லை. அரிசி வேண்டாதார் தாமே விலகிச் சருக்கரை அட்டை பெற்றனர். ஆசிரியர் வீட்டாரும் கூலியாள் வீட்டாரும் ஒரே வரிசையில் நிற்குமிடத்தில், புழுத்த அரிசியை எளிதில் அளந்துவிட முடியாது. கேட்கும் வாய்கள் அங்கே உண்டு. வறியவர்க்கு மட்டும் என்று ஒதுக்கிய கடையில் அவ்வாய்கள் இரா.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்திய அளவில் சிற்றூரில் 75 விழுக்காடு, நகரில் 50 விழுக்காடு என்று மக்களை அளந்தே எல்லை வகுத்தது. 2016 நவம்பரில் தமிழ்நாடு அதனுட் புகுந்தபோதும், அனைவர்க்குமான அரிசியைக் கைவிடவில்லை. அவ்வெல்லைக்கு வெளியே தில்லி நிறுத்திய தமிழர்க்கான செலவைத் தமிழ்நாட்டரசே சுமக்கிறது.