கணினி ஆசிரியரைத் தனியே விடலாகாது

மலையகப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் பலர் பைதன் நிரலைக் கொப்பியில்தான் எழுதிப் பழகுகிறார்கள். அந்த மொழியில் வரிகள் உள்தள்ளி நிற்க வேண்டும். இடைவெளி பிசகினால் நிரல் ஓடாது. அதனால் பிள்ளை விரலை வைத்து இடம்விட்டு, அடுத்த வரியை எழுதுகிறது. எங்கே பிழை என்று உடனே காட்ட வேண்டிய கணினி பக்கத்தில் இல்லை. ஆசிரியர்தான் சிவப்புப் பேனாவோடு வரிவரியாகப் பார்க்கிறார். பரீட்சையும் எழுத்துத் தாளில் முடிந்துவிடுவதால், ஒரு நிரலைக்கூடச் சொந்தமாக ஓட்டிப் பார்க்காமலே சித்தியடைந்துவிடலாம். பெறுபேறு வரும், கை பழகாது.

இதற்கு ஆசிரியரைக் குறைசொல்வது நியாயமல்ல. ஹட்டன், நுவரெலியா பக்கம் கணினி ஆசிரியர் என்றால் பாடம் மட்டுமா அவர் வேலை? பழுதான இயந்திரத்தைத் திறப்பவர் அவர். அதிபர் அலுவலகத்தின் தரவுகளை ஏற்றுபவரும், தவணைப் பரீட்சை வினாத்தாளைத் தட்டச்சு செய்பவரும் அவரே. மாதக்கணக்கில் நிற்கும் ஈரமும் பனிமூட்டமும் இயந்திரங்களை அரிக்கின்றன. ஒரு மவுஸ் காணாமற்போனாலும் பொருட்பதிவேட்டுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மணியடித்ததும் கணினிக் கூடத்தை அவர் பூட்டுவது அதனால்தான். அவர் பெற்ற பட்டத்துக்குக் கொழும்பு மென்பொருள் நிறுவனங்கள் தரும் சம்பளமோ வேறு.

இங்கே ஆசிரியரைத் தக்கவைப்பது பழைய போராட்டம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பின்னர் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகளே ஆசிரியர்களாகி வந்தார்கள். ஆனால் 2010களின் நடுப்பகுதியில் ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்களை மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் நிறுத்தினோம். அந்த அவமதிப்பு இன்னொரு முறை நடக்கக் கூடாது.

எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவும் முடியாது. வலயக் கல்விப் பணிமனை, அண்மையிலுள்ள சில பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு திருத்துநரையாவது தரவேண்டும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவர்கள் விளையாட்டு விழாவுக்குப் பணம் அனுப்புவதோடு நிற்காமல், மாதம் ஒரு சனிக்கிழமை இணையவழியில் பிள்ளைகளோடு உட்காரலாம். தொழிற்சங்கங்கள் சந்தா வாங்குகின்றன. அவை நடத்தும் சம்பளப் பேச்சில் பிள்ளைகளின் கல்வியும் இடம்பெறட்டும். தோட்ட நிர்வாகம் டிவிஷனில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையையும் மின்னிணைப்பையும் தரலாம்.

எல்லாவற்றிலும் முதல் வேலை, பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணிநேரம் கணினிக் கூடத்தைத் திறந்து வைப்பது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அந்த இரண்டு மணிநேரம்தான் உண்மையான பாடம். அந்த நேரத்தின் பொறுப்பை ஆசிரியர் தலையில் கட்டாமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எழுத்தில் ஏற்க வேண்டும். பெற்றோரும் உயர்தரம் முடித்து வேலை தேடும் இளைஞர்களும் முறைவைத்துக் காவலிருக்கலாம். பொழுது சாய்ந்தபின் தேயிலை மலைக் குறுக்குப்பாதையில் மகள் தனியே வருவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆகவே பிந்திய பஸ் ஒன்றை டிப்போவிடம் கேட்பதையும் அபிவிருத்திச் சங்கத்தின் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.