ஃப்ரெண்ட்ஸ்தானே, ரூல்ஸ் எதுக்கு?

"நாமெல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தானே, இதுக்குப் போய் ரூல்ஸா?" எந்த கிளப் மீட்டிங்கிலும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. செகண்ட் இயரில் எங்க ரத்ததானக் குழுவில் இதைச் சொன்னது நான்தான்.

அப்போ எங்க விதிகள் எல்லாம் ஒரு சீனியர் அண்ணன் தலைக்குள்தான் இருந்தன. யாரை முதலில் கூப்பிடணும், கேம்ப் பணம் யாரிடம் இருக்கும், டோனர் ஷீட் பாஸ்வேர்ட் என்ன, எல்லாமே. நல்ல மனுஷர். படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போயிட்டார். ஒரு ராத்திரி போன் வந்தது, ஓ நெகட்டிவ் வேணும்னு. ஷீட்டைத் திறக்க முடியல. அண்ணன் நைட் ஷிஃப்ட், போன் எடுக்கல. வாட்ஸ்அப்பில் கெஞ்சி ஒரு பையனைப் பிடிச்சு அனுப்பினோம். அவன் ரத்தம் கொடுத்து ரெண்டு மாசம்தான் ஆகுதுன்னு ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேணும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் வேற எங்கோ அலைஞ்சு ரத்தம் வாங்கிக்கிட்டாங்க.

விதி போட்டா வாலண்டியர் ஓடிடுவாங்கன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். உங்க லேப்டாப்பில் உபுண்டு இருக்கா? அதுக்கு அடித்தளம் டெபியன். 1993-ல் தொடங்கிய தன்னார்வலர்களின் திட்டம். 1998-ல் தனக்கென ஒரு அரசியலமைப்பே எழுதிக்கிட்டாங்க. தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே வருஷம், டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டு நடுவிலேயே நீக்கவும் முடியும். எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு: கொடுத்த வேலையைச் செய்ய இஷ்டம் இல்லைன்னா செய்ய வேண்டாம், ஆனா விதிகளுக்கு எதிரா வேலை செய்யக் கூடாது. அந்தச் சுதந்திரத்தையே எழுதித்தான் கொடுத்திருக்காங்க.

எழுதாத இடத்திலும் விதி இருக்கும். உள்ளே இருக்கிறவங்களுக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான். போன வருஷம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு கேட்டாள்: "அண்ணா, செக்ரட்டரியை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?" நாங்க சிரிச்சோம். உண்மையான பதில், பழைய செக்ரட்டரியின் ரூம்மேட். அடுத்த மீட்டிங்குக்கு அவள் வரல.

இருபது பக்கம் வேண்டாம். இணையத்தில் காப்பியடிச்ச பைலாவும் வேண்டாம், அதை யாரும் படிக்க மாட்டாங்க. நாங்க இப்போ ஒரே பக்கம் எழுதியிருக்கோம். மாசா மாசம் கணக்கை குரூப்பில் போடணும் என்ற வரிக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் சண்டை. ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கோம், பேனாவோட வந்து படிங்க. வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. ஃபர்ஸ்ட் இயருக்கும் ஓட்டு உண்டு.