எதிரே ஒருவர் உட்கார வேண்டும்

யூதர்களின் ரபியைப் பூசாரி போன்றவர் என்று நினைப்பவர்கள் உண்டு. வழிபாடு நடத்த ரபி கட்டாயமில்லை. விவரமறிந்த எவரும் முன்நின்று நடத்தலாம். ரபி சட்டம் கற்றவர். எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றவர். அந்தத் தகுதிக்காக யெஷிவா எனும் மரபுப் பள்ளிகளில் தல்மூத் எனும் சட்ட விவாதத் தொகுப்பிலும், 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் ஆருக் சட்டநூலிலும் பல ஆண்டுகள் ஊறுகிறார்கள். இன்றோ சுமார் ஓராண்டில் இணையவழியே பட்டம் தரும் பயிற்சிகளும் வந்துவிட்டன. காலம் சுருங்குவதைவிட, தனியாக உட்கார்ந்து படித்தே ரபியாகிவிடலாம் என்ற எண்ணம் வேரூன்றுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

யெஷிவாவின் படிப்பறை இரைச்சல் மிகுந்தது. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வாசித்துப் பொருள் சொல்ல, மற்றவர் மறுப்பார். இந்த இணைப் படிப்புக்கு ஹவ்ருத்தா என்று பெயர். அதன் அருமையைத் தல்மூதே சொல்கிறது. படிப்புத் தோழர் ரேஷ் லாகிஷ் இறந்ததும் துயரில் ஆழ்ந்த ரபி யோஹனானிடம், அவரைத் தேற்ற இன்னொரு அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் சொன்னதற்கெல்லாம் அவர் ஆதாரம் எடுத்துக்கொடுத்தார். அதுவே யோஹனானை நொறுக்கியது. ரேஷ் லாகிஷ் இருந்திருந்தால் 24 மறுப்புகள் எழுப்பியிருப்பார், 24 விடைகள் பிறந்திருக்கும், சட்டம் தெளிந்திருக்கும் என்று புலம்பினார். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா எனும் சட்டத் தொகுப்பும் ஏற்கப்படாத கருத்துகளைச் சொன்னவர் பெயரோடு காத்து வைத்திருக்கிறது.

இன்றைய ரபி மருத்துவமனையிலும் இழவு வீட்டிலும் நிற்கிறாரே, தல்மூதில் மாடு முட்டிய வழக்கை விவாதித்த பழம்படிப்பு அவருக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். தன் முடிவை ஒவ்வொரு நாளும் இன்னொருவரின் மறுப்புக்கு உட்படுத்திப் பழகியவருக்குத்தான், துயரத்தில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காது கொடுக்கும் பொறுமை வாய்க்கும். வேலையையும் குழந்தைகளையும் விட்டு ஐந்தாண்டு போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது இதைவிட நியாயமான கேள்வி. மேலும், இந்த மரபு நெடுங்காலம் பெண்களைப் படிப்பு மேசையில் உட்காரவே விடவில்லை. 1935-இல் ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் என்ற பெண் ரபியான பிறகு, அமெரிக்காவின் சாலி பிரீசண்ட் பட்டம் பெற 1972 ஆனது. ஆகவே கதவு இன்னும் அகலத் திறக்கட்டும், படிப்பு திரை வழியாகவும் நடக்கட்டும். ஆனால் அந்தத் திரையின் மறுபுறத்திலும், வாரந்தவறாமல், மறுத்துப் பேச ஒரு தோழர் இருந்தாக வேண்டும் என்பதைப் பட்டத்துக்கான நிபந்தனையாக்க வேண்டும்.