உயிரியல் பட்டதாரிக்கு என்ன தெரியும் என்பதை எப்படி அறிவது?

ஜவ்வாது மலையின் அடிவாரத்தைச் சுற்றித் திருப்பத்தூர், வாணியம்பாடி, வேலூர், திருவண்ணாமலை என்று கல்லூரிகள் உள்ள ஊர்கள் இருக்கின்றன. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என ஏதோ ஒரு பெயரில் உயிரியல் இளநிலைப் பட்டம் படிக்க ஒவ்வோர் ஆண்டும் இந்த ஊர்களுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க இறங்கி வருபவர்களும் இவர்களில் உண்டு. மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர் முடிந்ததும் இவர்கள் கையில் பட்டம் இருக்கிறது. கல்லூரியின் கையில் தேர்ச்சி விகிதம் இருக்கிறது. படிப்புக்கு வந்தபோது தெரியாத எதை இவர்கள் இப்போது தெரிந்துகொண்டிருக்கிறார்கள், உயிருள்ள ஒன்றைப் பார்த்து என்ன கேள்வி கேட்கக் கற்றிருக்கிறார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலான துறைகளிடம் ஆதாரத்தோடு சொல்லப் பதில் இல்லை. கற்றல் விளைவுகளை மதிப்பிடுகிறோம் என்ற பெயரில் நாம் வளர்த்திருக்கும் நடைமுறை அந்தப் பதிலைத் தேடுவதற்காக அமைக்கப்படவில்லை என்பதே இதற்குக் காரணம்.

நடைமுறை இதுதான். தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையான நாக் 2017-இல் தன் அங்கீகார முறையைத் திருத்தியமைத்தபோது, ஒவ்வொரு பாடத்துக்கும் பட்டத்துக்கும் கற்றல் விளைவுகளை வரையறுத்து, அவை எட்டப்பட்டனவா என்று கணக்கிட்டுக் காட்டவேண்டும் என்பது கல்லூரிகளின் கடமையாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு பாடவாரியாகக் கற்றல் விளைவு சார்ந்த பாடத்திட்டச் சட்டகங்களை வெளியிட்டது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் 2023-24 கல்வியாண்டில் பரவலாக நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு தாளின் கடைசியிலும் பாட விளைவுகளைப் பட்ட விளைவுகளோடு பொருத்தும் அட்டவணையும் சேர்ந்தே வந்தது. பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட அறிவுப் படிநிலைகள், நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரை, கே-1 முதல் கே-6 வரையிலான குறியீடுகளாக வினாத்தாளில் இடம்பெறுகின்றன. ஆசிரியர் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு விளைவைக் குறிக்கிறார். மதிப்பெண்களை எக்செல் தாளில் ஏற்றுகிறார். குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்த்து, மூன்று, இரண்டு, ஒன்று என 'அட்டெயின்மென்ட்' நிலை போடுகிறார். நாக் மதிப்பீட்டின்போது அந்தக் கோப்பு மேசைக்கு வருகிறது.

இந்தக் கணக்கில் புதிய தகவல் எதுவும் இல்லை. தேர்வில் ஏற்கெனவே போட்ட மதிப்பெண்ணையே வேறு கட்டங்களில் அடுக்குகிறோம். அந்தத் தேர்வு மனப்பாடத்தை மட்டும் சோதித்திருந்தால், 'பகுப்பாய்வுத் திறன்: நிலை மூன்று' என்று எழுதியிருப்பதும் மனப்பாடத்தைத்தான் குறிக்கும். ஐந்தாண்டு வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு பத்து மதிப்பெண் வினாவுக்குக் கே-4 என்று குறியிடுவதால் அது பகுப்பாய்வு வினா ஆகிவிடாது. விடையை நோட்ஸிலிருந்து உருப்போட்டு வந்த மாணவருக்கு அது கே-1 தான். படிப்பில் சேர்ந்த நாளில் மாணவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதும் இந்தக் கணக்கில் இல்லை. தொடக்கப்புள்ளி தெரியாமல், கற்பித்ததால் என்ன கூடியது என்று சொல்லவே முடியாது.

தேர்வில் தேறுவதும் புரிந்துகொள்வதும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதை உயிரியல் கல்வி ஆய்வு பலமுறை காட்டியிருக்கிறது. ஒரு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்பது எளிமையாகத் தோன்றும் கேள்வி. 1648-இல் அச்சேறிய வான் ஹெல்மாண்டின் சோதனை நம் பாடநூல்களிலும் உண்டு: தொட்டியில் நட்ட வில்லோ கன்று ஐந்தாண்டில் சுமார் 75 கிலோ கூடியது, தொட்டி மண்ணோ சில பத்து கிராம்தான் குறைந்தது. அவர் எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று நினைத்தார். உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பது பின்னால் தெளிவானது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பள்ளியிலிருந்தே எழுதிவரும் பட்டதாரிகளிடம் இதே கேள்வியைக் கேட்டால், மண்ணிலிருந்து, உரத்திலிருந்து, தண்ணீரிலிருந்து என்ற பதில்கள் வருகின்றன. 1997-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கல்வி ஆவணப்படத்தில் எம்ஐடி பட்டதாரிகளே இப்படிப் பதில் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டதாரிகள் தேர்வுகளில் தோற்றவர்கள் அல்ல. தேர்வு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தேர்வில் தெரியாத இத்தகைய புரிதல் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே கருத்துச் சோதனைகள் உருவாயின. இயற்கைத் தேர்வு பற்றி 2002-இல் வெளியான சோதனை ஒன்றில் 20 வினாக்கள் மட்டுமே உண்டு. அதன் தவறான தெரிவுகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையிலேயே கொண்டிருக்கும் பிழையான எண்ணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அறிவியல், பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, மாணவர்களை வகுப்பில் சிந்திக்கவும் விவாதிக்கவும் வைக்கும் முறையில் தேர்வு மதிப்பெண் சுமார் 6 சதவீதம் கூடுகிறது என்றும், வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்றும் கண்டது. அதே ஆய்வில் நமக்கு முக்கியமான இன்னொரு முடிவு இருக்கிறது: கற்பித்தலால் ஏற்பட்ட முன்னேற்றம் ஆசிரியர்கள் வைத்த தேர்வுகளில் தெரிந்ததைவிடக் கருத்துச் சோதனைகளில் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது வழக்கமான தேர்வு, நல்ல கற்பித்தல் செய்த வேலையைக்கூட முழுதாகக் காட்டுவதில்லை.

ஜவ்வாது மலை பெயர்பெற்றது எதனால் என்று கேட்டால் முதலில் சந்தனம் நினைவுக்கு வரும். அதை வைத்தே இரண்டு வினாக்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'பகுதி வேர் ஒட்டுண்ணி பற்றிச் சிறுகுறிப்பு வரைக' என்பது நமக்குப் பழகிய வினா. சந்தனத்தின் இலை பச்சையாக இருக்கிறது, தன் உணவைத் தானே தயாரிக்கிறது. ஆனால் அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு நீரையும் கனிமங்களையும் உறிஞ்சுகிறது என்று ஐந்து வரி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். இரண்டாவது வினா இப்படி: 'சந்தனக் கன்றுக்குப் பக்கத்தில் துவரை நட்டால் கன்று செழிக்கிறது என்கிறார் ஒரு விவசாயி. துவரை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதால் செழிக்கிறதா, சந்தன வேர் துவரை வேரைப் பற்றுவதால் செழிக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?' இதற்கு நோட்ஸில் விடை இல்லை. துவரை இல்லாத தொட்டிகள், துவரை உள்ள தொட்டிகள், துவரை இருந்தும் இரண்டு வேர்களும் தொடாதபடி நடுவில் தடுப்பு வைத்த தொட்டிகள் என்று மூன்று வகை வேண்டும் என மாணவருக்குத் தோன்றவேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு தொட்டி போதாது, பல வேண்டும் என்று தெரியவேண்டும். உயரத்தை அளப்பதா, இலை எண்ணிக்கையா, உலர் எடையா, எந்த முடிவு வந்தால் தன் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வார் என்றெல்லாம் சொல்லவேண்டும். முதல் வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் இரண்டாவதில் திணறினால், பட்டப்படிப்பு எதைக் கற்றுத்தரத் தவறியது என்று துறைக்குத் தெரியும். மதிப்பீடு என்பதன் பயனே அதுதான்.

செய்முறைத் தேர்வு இந்தக் குறையை நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் ஸ்பாட்டர், ரெக்கார்டு நோட், வைவா என்ற மூன்றும் பல இடங்களில் சடங்காகிவிட்டன. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்த படத்துக்கு மதிப்பெண் விழுகிறது. கண்ணாடிப் புட்டியில் அதே மாதிரி ஆண்டுதோறும் வருகிறது. விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் தடை விதித்தது. அது சரியான முடிவு. ஆனால் அந்த இடத்தில் உயிருள்ள விலங்கைத் தொந்தரவு செய்யாமல் கவனிப்பது, எண்ணுவது, ஒப்பிடுவது என்ற பயிற்சி வந்திருக்க வேண்டும். பெரும்பாலும் வந்ததோ வரைபட அட்டையும் மாதிரிப் பொம்மையும்தான். ஒரு பூச்செடிக்குக் காலையிலும் மாலையிலும் எத்தனை தேனீக்கள் வருகின்றன, வெயிலோடு அந்த எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று ஒரு வாரம் கணக்கெடுக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. அந்தக் கணக்கை வரைபடமாக்கி, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பேசும் மாணவரிடம் உயிரியல் பயிற்சி இருக்கிறதா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மலையிலிருந்து வரும் மாணவர்களின் நிலை இங்கே தனியாகக் கவனிக்கத் தக்கது. கடுக்காய் எப்போது உதிரும், எந்தத் தேனீ எங்கே கூடு கட்டும், சாமைக் கொல்லையில் எந்தக் களை எந்த மழைக்குப் பின் முளைக்கும் என்பதைக் குடும்பத்தின் பிழைப்பிலிருந்தே அறிந்து வருபவர்கள் இவர்களில் உண்டு. இந்த அறிவே உயிரியல் பட்டத்துக்குப் போதும் என்பது என் வாதமல்ல. ஒரு மரத்தைத் தெரிந்திருப்பதும், அது ஏன் அப்படி வளர்கிறது என்பதைச் சோதித்து நிறுவுவதும் ஒன்றல்ல; இரண்டாவதைக் கற்றுத்தருவதுதான் கல்லூரியின் வேலை. ஆனால் முதலாவது கையில் இருக்கும் மாணவருக்கு இரண்டாவதை எட்டும் வழி குறுகியது. அவருடைய தொடக்கப்புள்ளியைக் கேட்டறியாத மதிப்பீடு அந்த வழியைப் பார்ப்பதே இல்லை. அவருடைய ஆங்கில வாக்கியத்தின் தடுமாற்றத்தைப் பார்த்து அதையே அறிவின் குறை என்று பதிவு செய்துவிடுகிறது. கருத்துச் சோதனையும் வாய்மொழி விளக்கமும் தமிழில் இருந்தால் உயிரியலையும் ஆங்கிலத்தையும் பிரித்து அறியலாம்.

இத்தகைய மதிப்பீட்டுக்கு எழும் முதல் மறுப்பு ஆசிரியர்களின் வேலைச்சுமை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பெரும்பங்கு வகுப்புகளைச் சுமக்கும்போது இன்னொரு பொறுப்பா என்று கேட்பது நியாயம். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பெண் போடுவதும், ஒரு பட்டப்படிப்பு பலன் தருகிறதா என்று பார்ப்பதும் இரு வேறு வேலைகள். இரண்டாவதற்கு எல்லாருடைய எல்லாத் தாள்களும் வேண்டியதில்லை. முதல் செமஸ்டரிலும் ஆறாம் செமஸ்டரிலும் ஒரே 20 வினாக் கருத்துச் சோதனையை ஒரு மணி நேரம் நடத்தலாம். கடைசி ஆண்டின் கள ஆய்வு அறிக்கைகளில் குலுக்கல் முறையில் இருபதை எடுத்து, பெயரை நீக்கி, இரண்டு ஆசிரியர்கள் படித்தால் போதும். இப்போது எக்செல் கட்டங்களை நிரப்பச் செலவாகும் நாட்களைவிட இது குறைவான உழைப்பு. அந்தக் கட்டங்களைக் கைவிட நாக் அனுமதித்தால் சுமை கூடாது, குறையும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. டம்மி நம்பர் போட்டு, வெளியார் திருத்தும் எழுத்துத் தேர்வு ஏழை மாணவருக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவருக்கும் ஒரு காப்பு. கள ஆய்வு, வாய்மொழி விளக்கம் என்று போனால் ஆசிரியரின் சாய்வு நுழையாதா? நுழையும். அதனால்தான் செமஸ்டர் தேர்வை நீக்கவேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. 75 மதிப்பெண் வெளித்தேர்வு அப்படியே இருக்கட்டும். கல்லூரியின் கையில் இன்றே இருக்கும் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டில்தான் சாய்வுக்கு இப்போது தடையே இல்லை. என்ன செய்தால் எத்தனை மதிப்பெண் என்ற அளவுகோலைச் செமஸ்டரின் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுப்பது, இருவர் தனித்தனியே மதிப்பிடுவது, வேறுபாடு வந்தால் பக்கத்துக் கல்லூரி ஆசிரியரைக் கேட்பது, மாணவர் முறையிட வழி வைப்பது ஆகிய நான்கும் இன்றைய நிலையைவிட அதிகப் பாதுகாப்பு தரும். கருத்துச் சோதனைக்கோ மதிப்பெண்ணே வேண்டாம். அது துறையின் கற்பித்தலைச் சோதிக்கிறது, மாணவரை அல்ல.

மூன்றாவதாக, இந்த மாணவர்கள் போட்டித் தேர்வுக்கும் பி.எட். படிப்புக்கும்தான் போகிறார்கள், ஆராய்ச்சிக்கு அல்ல. அவர்களுக்கு இது எதற்கு என்ற கேள்வி. பி.எட். முடித்து அவர்கள் பள்ளிக்கு ஆசிரியராகப் போகும்போது, மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணமும் வகுப்பறைக்குப் போகிறது. அங்கே கற்கும் பிள்ளைகள்தான் சில ஆண்டுகளில் இதே கல்லூரிகளுக்குத் திரும்ப வருகிறார்கள். மருத்துவ ஆய்வகம், வேளாண் துறை, வனத்துறை என்று எங்கே போனாலும், ஒரு கணக்கை நம்பலாமா என்று சோதிக்கத் தெரிவதே வேலைக்கு உதவும். கள ஆய்வுக்காகக் காட்டுக்குள் மாணவர்களை அழைத்துப் போக அனுமதியும் பாதுகாப்பும் சிக்கல் என்ற தயக்கமும் உண்டு. காப்புக்காட்டுக்குள் போகவேண்டிய கட்டாயமே இல்லை. கல்லூரி வளாகம், ஏரிக்கரை, மாணவரின் சொந்த நிலம் எதுவும் களம்தான். செடியைப் பிடுங்கி உலர்த்தி ஒட்டுவதற்குப் பதில் படமும் குறிப்பும் எடுக்கலாம்.

செய்யவேண்டியவை பெரியவை அல்ல. உயர்கல்வி மன்றம் அடுத்த திருத்தத்தில் ஒவ்வொரு உயிரியல் பட்டத்துக்கும் இருபது, முப்பது விளைவுகளை அடுக்குவதைக் குறைத்து, பரிணாமம், பொருளும் ஆற்றலும் மாறும் வழி, மரபுத் தகவல், அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவு, ஒன்றோடொன்று இணைந்த உயிர் மண்டலங்கள் என்ற ஐந்தை மையமாக்கட்டும். அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 2011-இல் இதே ஐந்தைத்தான் இளநிலை உயிரியலின் அடிப்படைக் கருத்துகளாக முன்வைத்தது. அவை எந்த நாட்டு உயிரியலுக்கும் பொருந்தும். இப்பகுதிக் கல்லூரிகள் இணைந்துள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுக்கள் இந்த ஐந்துக்கும் தமிழில் கருத்துச் சோதனை தயாரிக்க நம் ஆசிரியர்களிடமே கேட்கட்டும். நம் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நாக் குழு கோப்பின் பக்க எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டு, இரண்டே கேள்விகளைக் கேட்கட்டும்: உங்கள் மாணவர்களுக்கு எது புரியவில்லை என்று சென்ற ஆண்டு கண்டுபிடித்தீர்கள்? அதற்காகக் கற்பித்தலில் எதை மாற்றினீர்கள்? 'எல்லா விளைவுகளும் எட்டப்பட்டன' என்று எழுதும் துறையைவிட, 'பாதிப்பேருக்கு இயற்கைத் தேர்வு புரியவில்லை, பாடத்தை இப்படி மாற்றினோம்' என்று எழுதும் துறைக்கு அதிகப் புள்ளி கிடைக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் அங்கீகாரம் குறையும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தத் துறையும் உண்மையைத் தேடாது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களால் அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 தான். பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவருவதில் இந்த மாநிலம் பெருமைப்படும்படி செய்திருக்கிறது. உள்ளே வந்த பிறகு அவர்கள் கற்றது என்ன என்பதை நேர்மையாக அறிவது அந்தப் பணியின் அடுத்த பகுதி. நிலத்தையும் கூலியையும் விட்டுவிட்டு மூன்று ஆண்டுகளைக் கல்லூரிக்குக் கொடுக்கும் ஒரு குடும்பத்துக்குத் தேர்ச்சி விகிதம் பதிலாகாது. மகளோ மகனோ எதைக் கற்றுத் திரும்பினார் என்ற கேள்விக்கு, ஆதாரத்தோடு பதில் சொல்லக் கல்லூரி கடமைப்பட்டிருக்கிறது.