பந்தை ஏந்தாத ஐவர்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணியை எடைபோட உட்காருகிறவர்களின் கண் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே போகிறது. எறிகிறவர் யார், பிடிக்கிறவர் யார், வாங்கிக்கொண்டு ஓடுகிறவர் யார் என்று பெயர்களை அடுக்கி, இந்த ஆண்டுக் கோப்பை யாருக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 53 பேர் கொண்ட பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியவர்கள் வேறு ஐந்து பேர் என்பது என் வாதம். பந்தை ஏந்தி ஓடும் வாய்ப்பே இல்லாமல் முன்வரிசையில் நிற்கும் தடுப்பாளர்கள் அவர்கள். லைன்மேன் என்றால் நமக்கு மின்கம்பம் ஏறுகிறவர் நினைவுக்கு வருவார். அங்கே அது இந்த வரிசையில் நிற்பவரின் பெயர். அந்த வரிசையில் நின்று பழகியவருக்குத் தெரிவது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எளிதில் தெரிவதில்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அப்படி நின்றவர். யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லைன்மேனாக ஆடினார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஒரு நாள்கூட ஆடியதில்லை. பிறகு பல கல்லூரிகளில் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, 1992-இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். 2021 முதல் 2025 வரை அவருடைய அணி கண்ட ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால், இந்த ஐந்து பேரை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கும், எப்படிப் போடக் கூடாது என்பதற்கும் அதிலேயே பாடம் இருக்கிறது.

அந்த வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் நிற்கும் சென்டர் குனிந்து, தரையில் இருக்கும் பந்தைப் பற்றியிருக்கிறார். அவருக்கு இருபுறமும் கார்டுகள் இருவர். அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள் இருவர். சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தை, பின்னால் நின்று எறியும் குவார்ட்டர்பேக்கிடம் அனுப்பிய கணத்தில் எதிரணியில் பெரும்பாலும் நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். கூடுதலாக ஆள் அனுப்பினால் அதற்கு பிளிட்ஸ் என்று பெயர். ஓரத்தில் நிற்கும் டேக்கிள் நூற்று நாற்பது கிலோ உடம்போடு, வெளிக்காலைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, இடுப்பைத் தாழ்த்தியபடி பின்வாங்குகிறார். தன்னைவிட எடை குறைந்த, தன்னைவிட வேகமான ஒருவர் வளைந்து வருவதற்குள் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மார்பில் பதிக்க வேண்டும். கை மார்புக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தால் தவறு, பத்து யார்டு தண்டனை. ஒரு நொடி முந்திக் கையை நீட்டினால் எதிராளி அதைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். பிந்தினால் தோளுக்கு வெளியே சுற்றிப் போய்விடுவார். குவார்ட்டர்பேக்குக்குத் தேவைப்படும் அவகாசம் சுமார் மூன்று நொடி. அந்த மூன்று நொடியை ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பதுதான் இவர்கள் வேலை.

இந்த வேலையில் நான்கு பேர் வென்று ஒருவர் தோற்றால் ஐந்து பேரும் தோற்றதாகவே ஆகும். பந்து பிடிப்பவர்கள் விஷயம் வேறு. மூவரில் ஒருவர் சரியில்லை என்றால் மற்ற இருவருக்கு எறியலாம். அங்கே இருப்பவரில் சிறந்தவரே பலம். தடுப்பு வரிசையிலோ இருப்பவர்களில் பலவீனமானவரே அளவுகோல், ஏனென்றால் எதிரணிப் பயிற்சியாளர் ஒரு வாரம் முழுக்கப் படக்காட்சிகளைப் போட்டுப் பார்த்து அந்த ஒருவரைத்தான் தேடிக் கண்டுபிடிப்பார். ஆகவே இந்த வரிசையைச் சராசரியாக மதிப்பிடுவதில் பொருளில்லை. ஐந்தாவது ஆள் யார், அவருக்கு அடிபட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் ஆறாவது ஏழாவது ஆள் யார் என்பதில்தான் மதிப்பீடே தொடங்குகிறது.

2021 பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடந்த சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. சீஃப்ஸ் அந்த ஆட்டத்துக்கு நடப்புச் சாம்பியனாக வந்த அணி. பேட்ரிக் மஹோம்ஸ் எறிகிறார், டைரீக் ஹில்லும் டிராவிஸ் கெல்சியும் பிடிக்கிறார்கள். ஆனால் இடது டேக்கிள் எரிக் ஃபிஷரின் குதிகால் தசைநாண் இரண்டு வாரம் முன்பு அறுந்திருந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் அக்டோபரிலிருந்தே ஆடவில்லை. முந்தைய ஆண்டு கோப்பை வென்ற வரிசையில் கார்டாக நின்ற லாரன் டுவெர்னே-டார்டிஃப் ஒரு மருத்துவர். கொரோனா காலத்தில் கனடாவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றுவதற்காக அந்த ஆண்டு ஆட்டத்தையே விட்டிருந்தார். மிஞ்சியவர்களை இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். எதிரே ஆடிய டாம்பா அணி பிளிட்ஸை அதிகம் நாடவே இல்லை. பெரும்பாலும் நான்கே பேரை அனுப்பி மஹோம்ஸை 29 முறை நெருக்கியது. பந்தை எறிவதற்கு முன் அவர் பின்னாலும் பக்கவாட்டிலும் ஓடிய ஓட்டம் 497 யார்டு என்று கணக்கிட்டார்கள். மைதானம் 100 யார்டு நீளம்தான். ஒரு கட்டத்தில் அவர் தடுக்கி, உடம்பு தரைக்குக் கிடையாக அந்தரத்தில் மிதந்த நிலையில், கையை மட்டும் வீசிப் பந்தை எறிந்தார். அது கோல் எல்லைக்குள் நின்ற சக ஆட்டக்காரரின் முகக்கவசத்தில் பட்டுக் கீழே விழுந்தது. மனிதனால் ஆகக்கூடியது அதற்கு மேல் எதுவும் இல்லை. அணி 9-31 என்று தோற்றது. பந்தைக் கோல் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை.

மஹோம்ஸின் கால் விரலில் காயம் இருந்தது, அதனால்தான் தோற்றார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. காயம் இருந்தது உண்மை. ஆட்டம் முடிந்தபின் அதற்கு அறுவைச் சிகிச்சையும் நடந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், அதே மஹோம்ஸ் கணுக்கால் சுளுக்கோடு இன்னொரு சூப்பர் பவுலுக்கு வந்தார். முதல் பாதியிலேயே அது மறுபடி மோசமாகி நொண்டிக்கொண்டு வெளியேறினார். எதிரே நின்ற பிலடெல்பியா ஈகிள்ஸ் அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் மட்டும் 70 முறை குவார்ட்டர்பேக்குகளைப் பந்தோடு வீழ்த்திய அணி. சாக் என்று அழைக்கப்படும் அந்த வீழ்த்தல் அன்றைக்கு ஒருமுறைகூட நடக்கவில்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது. இரண்டு தடவையும் கால் பழுதுதான். முன்னால் நின்ற வரிசைதான் மாறியிருந்தது. மைதானத்தின் புல் வழுக்கியதால் ஈகிள்ஸ் வீரர்களால் பாய முடியவில்லை என்ற வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு முழு ஆட்டத்தையும் புல்லின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அந்த இரண்டு ஆண்டுக்குள் நடந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். டாம்பா தோல்விக்கு அடுத்த மாதமே ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் ஒரே நாளில் விடுவித்தார்கள். 2013-இல் ரீட் இந்த அணிக்கு வந்ததும் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக எடுத்தவரே அந்த ஃபிஷர். தான் தேர்ந்தெடுத்தவர் என்ற பாசம் மதிப்பீட்டுக்குக் குறுக்கே வரவில்லை. பொது மேலாளர் பிரெட் வீச்சும் ரீடும் சேர்ந்து, ஐந்து ஆண்டுக்கு 8 கோடி டாலர் கொடுத்து கார்டு ஜோ தூனியைக் கொண்டுவந்தார்கள். முதல் சுற்றுத் தேர்வை விட்டுக்கொடுத்து பால்டிமோரிலிருந்து டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுனை வாங்கினார்கள். 63-ஆவது தேர்வில் கிரீட் ஹம்ஃப்ரி சென்டராக வந்தார். நுரையீரலில் ரத்தக்கட்டு என்ற மருத்துவ வரலாற்றால் பல அணிகள் தயங்கிய டிரே ஸ்மித்தை 226-ஆவது இடம் வரை காத்திருந்து எடுத்தார்கள். இதில் நான் அதிகம் கவனிப்பது யாரும் பேசாத ஒரு பெயரை: ஆண்ட்ரூ வைலி. டாம்பாவில் சிதறிய வரிசையிலும் வலது டேக்கிள் அவர்தான். ஒரு சாக்கும் விடாத வரிசையிலும் வலது டேக்கிள் அவர்தான். பக்கத்தில் நிற்பவர் உறுதியானவராக இருந்தால் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிகிறார். இந்த மாற்றம் எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் தனி வரியாக வராது. தோளோடு தோள் நின்றவர்களுக்குப் புரியும்.

இந்த வாதத்தை முன்னாள் தடுப்பாளர்களின் சாதிப்பற்று என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தச்சனுக்கு மரமே பெரிதாகத் தெரியும் என்பதுபோல இவர்களுக்கு வரிசையே பெரிதாகத் தெரிகிறது என்பார்கள். ரீட் விஷயத்தில் அது பொருந்தாது. 1999-இல் ஈகிள்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது அவர் முதலில் எடுத்தது டொனோவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை. 2017-இல் பத்தாவது இடத்துக்கு முன்னேறி மஹோம்ஸை எடுக்க விலை கொடுத்ததும் அவர் காலத்தில்தான். குவார்ட்டர்பேக்கின் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. விளக்கு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவுக்குக் காற்று மறைப்பும் வேண்டும் என்பதையும் சேர்த்துத் தெரிந்தவர். அவருக்குத் தவறே நேராது என்றும் சொல்ல வரவில்லை. 2011-இல் ஈகிள்ஸ் முதல் சுற்றில் எடுத்த கார்டு டேனி வாட்கின்ஸ் இரண்டே ஆண்டில் வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு ஆறாம் சுற்றில் எடுத்த ஜேசன் கெல்சி பதின்மூன்று பருவம் சென்டராக நின்று, அந்த நகரத்தின் செல்லப்பிள்ளையாகவே ஓய்வு பெற்றார். வரிசைக்கு முதலிடம் கொடுப்பது வேறு, முதல் சுற்றுத் தேர்வைக் கொட்டுவது வேறு. நான் சொல்வது முதலாவதை.

இன்னும் வலுவான மறுப்பு சின்சினாட்டியிலிருந்து வருகிறது. 2020 நவம்பரில் பெங்கால்ஸ் அணியின் இளம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் நார் கிழிந்தது. அடுத்த தேர்வில் பெனே சூவல் என்ற அருமையான டேக்கிள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அணி அவரை விட்டுவிட்டுப் பந்து பிடிக்கும் ஜமார் சேஸை எடுத்தது. பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அணி அந்த ஆண்டே சூப்பர் பவுலுக்குப் போனது. காலிறுதி போன்ற ஓர் ஆட்டத்தில் பர்ரோ 9 முறை வீழ்த்தப்பட்டும் 19-16 என்று வென்றது. அப்படியானால் உன் வாதம் எங்கே என்று கேட்கலாம். சேஸ் அபூர்வமான வீரர், அந்தத் தேர்வைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பருவத்தில் பர்ரோ லீக் ஆட்டங்களில் 51 முறையும், வெளியேற்றச் சுற்றுகளில் 19 முறையும் தரையில் கிடந்தார். இறுதி ஆட்டத்தில் மட்டும் 7. மூன்று புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கைநழுவியது. கடைசி முயற்சியில் ஆரன் டொனால்ட் உள்ளே புகுந்து பர்ரோவைச் சுழற்றியபோது சேஸ் தன்னைக் காவல் காத்த எதிரணி வீரரைக் கடந்து தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பந்து அவரிடம் போய்ச் சேர நேரம் இல்லை. 2023-இல் அதே பெங்கால்ஸ் 6.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஒரு டேக்கிளை வாங்கியது. அவர் பெயர் ஆர்லாண்டோ பிரவுன்.

பிரவுன் போன அந்த இடத்தில்தான் கன்சாஸ் சிட்டியின் சறுக்கலும் தொடங்குகிறது. இங்கே ரீட்டின் மதிப்பீட்டோடு நான் முரண்படுகிறேன். 2023-இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வைத்துச் சமாளித்தார்கள், கோப்பையும் வந்தது. 2024-இல் இரண்டாம் சுற்றில் எடுத்த கிங்ஸ்லி சுவாமட்டாயாவிடம் இடது டேக்கிளை ஒப்படைத்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே அவரை வெளியே எடுக்க வேண்டி வந்தது. அடுத்து ஒருவர், அதற்கடுத்து இன்னொருவர். கடைசியில் டிசம்பரில், அணியின் சிறந்த கார்டான தூனியை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் இடத்தில் செங்கல்லைப் பெயர்த்த வேலை அது. 15 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கு எல்லாவற்றையும் மறைத்தது. பல வெற்றிகள் மயிரிழையில் வந்தவை என்பதைப் பார்த்தவர்களுக்குக் கவலை இருந்தது. 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஈகிள்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் அனுப்பாமலேயே மஹோம்ஸை 6 முறை வீழ்த்தியது. இடைவேளையில் 0-24, முடிவில் 22-40. டாம்பாவில் பார்த்ததையே நான்கு ஆண்டு கழித்து மறுபடி பார்த்தோம்.

அன்று எதிரே நின்ற ஈகிள்ஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். 2018-இல் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டபோது இந்த ஆட்டத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. வலப்பக்கம் 2013 முதல் நின்றுவந்த லேன் ஜான்சன். ஜேசன் கெல்சி விட்டுப்போன இடத்துக்கு, அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அணியில் சேர்த்துப் பழக்கியிருந்த கேம் ஜர்கென்ஸ். இந்த வரிசைக்குப் பின்னால் சேக்வான் பார்க்லி ஓடினார். 2023-இல் நியூயார்க் ஜயண்ட்ஸில் அவர் ஓடியது ஓட்டத்துக்குச் சராசரி 3.9 யார்டு, மொத்தம் 962. அந்த ஜயண்ட்ஸ் வரிசை அதே ஆண்டு 85 சாக் விட்டது. 2024-இல் ஈகிள்ஸில் ஓட்டத்துக்கு 5.8 யார்டு, மொத்தம் 2,005. வயது ஒன்று கூடிய அதே கால்கள்தான். ஜயண்ட்ஸ் வரிசைக்குப் பின்னால் ஐந்து ஆண்டுக்கு மேல் அடிபட்டுக் கிடந்தவரை, திறமை தீர்ந்தவர் என்று எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் தோல்விக்குப் பிறகு சீஃப்ஸ் முதல் சுற்றின் கடைசித் தேர்வில், கல்லூரியில் முழங்கால் நார் அறுந்து மீண்டுகொண்டிருந்த ஜாஷ் சிம்மன்ஸை இடது டேக்கிளுக்காக எடுத்தது. டிரே ஸ்மித்துக்கு நான்கு ஆண்டுக்கு 9.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. இரண்டும் சரியான முடிவுகள். ஆனால் அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், தூனியை ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்குச் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். முந்தைய பருவத்தில் 68 முறை தன் இளம் குவார்ட்டர்பேக் வீழ்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த சிகாகோ அவரை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டது. தூனி நின்ற இடது கார்டு இடத்துக்கு, ஓரத்தில் நிற்க முடியாமல் வெளியே எடுக்கப்பட்ட சுவாமட்டாயாவைக் கொண்டுவந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் புதுமுகம் சிம்மன்ஸ். ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து, பழகாத இரண்டு பேர்.